தின்னர் பாட்டிலைக் கொஞ்சம் கீழ வைங்க

முதல் வருஷ கெமிஸ்ட்ரியில தெர்மோபிளாஸ்டிக்குக்கும் தெர்மோசெட்டுக்கும் வித்தியாசம் கேட்டு ஒரு ரெண்டு மார்க் கேள்வி வரும். நம்ம எல்லாரும் எழுதியிருப்போம். நானும் எழுதினேன், ரெண்டு மார்க்கும் வாங்கினேன். அடுத்த வருஷம் பொங்கல் லீவுல அப்பாவோட கார் பம்பர்ல உள்ளங்கை அகலத்துக்கு பெயிண்ட்டை என் கையாலேயே கரைச்சு எடுத்தேன். அந்தக் கேள்விக்கு விடை நிஜமா புரிஞ்சது அன்னைக்குத்தான்.

நடந்தது இதுதான். லைசென்ஸ் வாங்கி ரெண்டு மாசம். அபார்ட்மென்ட் பார்க்கிங்ல ரிவர்ஸ் எடுக்கும்போது மஞ்சள் கறுப்பு பட்டை அடிச்ச தூண்ல லேசா உரசிட்டேன். நசுங்கல. பின்கதவுல ஒரு மஞ்சள் கோடு, பம்பர் ஓரத்துல இன்னொரு மஞ்சள் கோடு, அவ்வளவுதான். அப்பா நைட் ஷிஃப்ட் முடிஞ்சு தூங்கிட்டு இருந்தார். எழுந்திருக்கிறதுக்குள்ள முடிச்சிடலாம்னு போனைத் திறந்தா, எல்லா வீடியோவும் ஒரே மாதிரி. "துணியில தின்னர் தொட்டு ஒரு தடவை துடைங்க, மேஜிக் பாருங்க." ஹார்டுவேர் கடைக்குப் போய் அரை லிட்டர் வாங்கிட்டு வந்தேன்.

கதவுல மேஜிக் நடந்தது. மஞ்சள் போச்சு, அடியில சில்வர் பளபளன்னு அப்படியே இருந்துச்சு. அந்தத் தெம்புல பம்பருக்கு வந்தேன். நாலு தேய்ப்பு. துணியைத் திருப்பிப் பார்த்தா மஞ்சள் இல்ல, சில்வர். அப்பா எழுந்து வந்து குனிஞ்சு பார்த்துட்டு கேட்டது ஒரே கேள்வி: "கறை போச்சு, சரி. பெயிண்ட் எங்கடா?"

ஒரே கார், ஒரே கலர், ஒரே தின்னர். ஒரு இடத்துல ஒண்ணும் ஆகல, ஒன்றரை அடி தள்ளி உரிஞ்சு வந்துடுச்சு. ஏன்? கதவுல இருந்தது கம்பெனி பெயிண்ட். தொழிற்சாலையில கிளியர் கோட் அடிச்சு சுமார் 140 டிகிரி சூட்டுல ஓவன்ல வேக வைப்பாங்க. அப்போ மூலக்கூறுகள் ஒண்ணோட ஒண்ணு குறுக்கே பின்னிக்கும். அதுதான் தெர்மோசெட். ஒரு தடவை பின்னின பிறகு தின்னர்ல கரையாது, ரொம்ப நேரம் ஊற வெச்சா மட்டும் உப்பி மென்மையாகும். எங்க காரோ செகண்ட் ஹேண்ட். முதல் ஓனர் எங்கேயோ இடிச்சு, பம்பரை ரோட்டோர ஷாப்ல என்.சி. பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்கார். என்.சி.ன்னா நைட்ரோ செல்லுலோஸ். அது வேகறதில்ல, பின்னிக்கிறதும் இல்ல. அதுல இருக்கிற தின்னர் ஆவியாகிப் போறதாலதான் காயுது. போன தின்னரைத் திரும்பக் கொண்டுவந்து ஊத்தினா பத்து வருஷம் கழிச்சும் மறுபடி பெயிண்ட் ஆயிடும். நான் பண்ணது அதுதான்.

அதனால என் கருத்து இது: வீட்டுல கார் கறையை எடுக்கிறவங்க கையில தின்னர் இருக்கவே கூடாது. "கடைசி வழியா வெச்சுக்கலாம்"னு கூட நான் சொல்ல மாட்டேன்.

இதை கிளாஸ்ல சொன்னப்போ மெக்கானிக்கல் நண்பன் ஒருத்தன் சண்டைக்கே வந்துட்டான். "டிங்கரிங் பெயிண்டிங் ஷாப்ல அண்ணனுங்க தின்னர்லதானே துடைக்கிறாங்க? ஒண்ணும் ஆகலையே!" நியாயமான கேள்வி. அந்த அண்ணன் தூரத்துல நின்னு பார்த்தே இந்தப் பேனல் ரீபெயிண்ட்னு சொல்லிடுவார், வருஷக்கணக்கா பார்த்த கண்ணு. ஒரே இழுப்புல துடைச்சிட்டு கையை எடுத்துடுவார். மீறித் தப்பாப் போனாலும் பின்னாடி கம்ப்ரஸரும் ஸ்ப்ரே கன்னும் இருக்கு. நம்ம பின்னாடி அப்பாதான் இருக்கார்.

இன்னொண்ணு, தின்னர் ஆவி நம்ம ஊர் சாதாரண சூட்டுலயே ஒரு பொறி பட்டா பத்திக்கும். மூடின பார்க்கிங்ல, பக்கத்துல பத்து பைக் நிக்கிற இடத்துல, அதைத் திறந்து வெச்சுட்டு உட்கார்றது எனக்கு இப்ப நினைச்சாலே பயமா இருக்கு.

டூத்பேஸ்ட் கோஷ்டிக்கும் ஒரு வார்த்தை. அதுல பொடி இருக்கு, தேய்க்கும், கறையும் கொஞ்சம் போகும். உண்மைதான். ஆனா அது பல்லுக்காகப் பண்ணது, பல் எனாமல் கிளியர் கோட்டை விட எவ்வளவோ கடினம். பாத்திரம் தேய்க்கிற பச்சை ஸ்க்ரப்பரைப் பத்திப் பேசவே வேண்டாம், அதுல இருக்கிறது எமரி பேப்பர்ல இருக்கிற அதே அலுமினியம் ஆக்ஸைடு. கிளியர் கோட் எவ்வளவு மெல்லிசுன்னு தெரிஞ்சா யாரும் கை வைக்க மாட்டாங்க. தகடுக்கு மேல இருக்கிற பிரைமர், கலர், கிளியர் எல்லாம் சேர்த்தே 100லிருந்து 150 மைக்ரான்தான், ஏறக்குறைய நம்ம அசைன்மென்ட் எழுதற ஏ4 பேப்பர் கனம். கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான். அதாவது அரை பேப்பர். பாடி லைன் மடிப்புலயும் பேனல் ஓரத்துலயும் இன்னும் கம்மி.

சரி, அப்போ எப்படித்தான் எடுக்கறது? அவசரப்படாம எடுக்கணும். அதுவும் இருக்கிறதுலயே பலம் குறைஞ்சதுல ஆரம்பிச்சு.

முதல்ல காரை நிழல்ல நிறுத்தி, தகடு ஆறினதும் அந்த இடத்தைக் கார் ஷாம்பு போட்டு நல்லாக் கழுவுங்க. மேல இருக்கிற தூசி மணல்தான், அதோட சேர்த்துத் தேய்ச்சா கறையை விடப் பெரிய கீறல் விழும். அப்புறம் நகத்தால மெல்ல வருடிப் பாருங்க. மேடா தட்டுப்பட்டா அது தூணோட பெயிண்ட், மேல ஒட்டியிருக்கு, எடுத்துடலாம். நகம் பள்ளத்துல இறங்கினா அது கீறல், துடைச்சுப் போகாது. கீறல் மேல தண்ணி தெளிச்சுப் பாருங்க. ஈரத்துல மறைஞ்சா அது கிளியர் கோட்டோட நின்னிருக்கு. ஈரத்துலயும் வெள்ளையாவோ சாம்பலாவோ தெரிஞ்சா பிரைமர் வரைக்கும் போயிருக்கு, அது ஷாப் வேலை.

ஒட்டினது என்ன பெயிண்ட்னு யோசிக்கிறதும் முக்கியம். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது தெறிச்ச எமல்ஷன்னா அன்னைக்கே தண்ணியிலேயே போயிடும். காஞ்சுட்டா வெதுவெதுப்பான சோப்புத் தண்ணித் துணியைக் கொஞ்ச நேரம் போட்டு வெச்சா இளகும். தூண், கேட்ல அடிக்கிறது பெரும்பாலும் எனாமல். அது காத்துல இருக்கிற ஆக்ஸிஜனோட சேர்ந்து நாளாக நாளாக இறுகும். அதனால திட்டு வாங்க பயந்து ஒரு மாசம் மறைச்சு வெக்கிறவங்களுக்கு வேலை அதிகம்.

தண்ணிக்கு மசியலன்னா அடுத்தது கிளே பார். களிமண் மாதிரி இருக்கும், ஆன்லைன்ல கிடைக்கும். இடத்தை ஷாம்பு தண்ணியில நல்லா வழுவழுன்னு நனைச்சு, அழுத்தாம முன்னும் பின்னும் ஓட்டணும். கறை அதுல ஒட்டிக்கிட்டு வரும். கீழ விழுந்துட்டா மனசைக் கல்லாக்கிக்கிட்டு தூக்கிப் போட்டுடுங்க, அதுல ஒட்டின மண்ணு அடுத்த இழுப்புல கோடு போடும்.

அதுக்கும் போகலன்னா ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பாதிக்குப் பாதி தண்ணி கலந்து, மைக்ரோ ஃபைபர் துணியில தொட்டுத் துடைக்கலாம். எனாமலுக்கு மினரல் டர்பென்டைன். ரெண்டையும் முதல்ல கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில டெஸ்ட் பண்ணணும். இங்கதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. கதவைத் திறந்து உள் ஓரத்துல டெஸ்ட் பண்ணிட்டு பம்பர்ல தேய்ப்பாங்க. கதவு கம்பெனி பெயிண்ட்னா பம்பரும் அப்படின்னு யார் சொன்னது? எந்தப் பேனல்ல கறையோ அதே பேனலோட அடி ஓரத்துல டெஸ்ட் பண்ணுங்க. துணியில கார் கலர் லேசா ஏறினாலும் அங்கேயே நிறுத்துங்க.

மிச்சம் இருக்கிற நிழல் மாதிரி கறைக்குத்தான் பாலிஷ் அல்லது ரப்பிங் காம்பவுண்ட். அது கிளியர் கோட்டையும் சேர்த்துத்தான் சீவுது, ஞாபகம் இருக்கட்டும். கறை இருக்கிற இடத்துல மட்டும், லேசா, நாலு தடவைக்கு ஒரு தடவை துடைச்சுப் பார்த்து. பெயிண்ட் அடிக்காத கறுப்பு பிளாஸ்டிக் பக்கம் காம்பவுண்ட் போகக் கூடாது, வெள்ளைத் திட்டாத் தங்கிடும். கடைசியா அந்த இடத்துக்கு ஒரு கோட் வாக்ஸ்.

பம்பரைத் திரும்ப அடிக்க ரெண்டாயிரத்து ஐந்நூறு ஆச்சு. சிம்போசியத்துக்குச் சேர்த்து வெச்ச காசு அது.

இந்த வருஷம் பொங்கலுக்கு முன்னாடி எதிர்வீட்டு மாமா காம்பவுண்டு சுவருக்கு வெள்ளையடிக்க, அவரோட சிவப்பு கார் முழுக்கப் புள்ளி புள்ளியாத் தெறிச்சிருந்துச்சு. மாமா கையில தின்னர் பாட்டிலோட நின்னார். வாங்கிக் கீழ வெச்சேன். ரெண்டு பேரும் சோப்புத் தண்ணியும் கிளே பாருமா உட்கார்ந்து ஒன்றரை மணி நேரத்துல முடிச்சோம். பின் விளக்குக்குப் பக்கத்துல ஒரு புள்ளி மட்டும் வரல. ஆல்கஹால் தொட்டு அடி ஓரத்துல டெஸ்ட் பண்ணினேன், துணி சிவந்துச்சு. அந்தப் பேனல் ரீபெயிண்ட்னு மாமாவுக்கே அப்பதான் ஞாபகம் வந்தது. புள்ளியை அப்படியே விட்டுட்டோம்.