சிலையைச் சுற்றி வாருங்கள்

பள்ளி விடுமுறை வந்தால் கோலாலம்பூருக்குப் புறப்படுகிறோம். பத்துமலை, மிருகக்காட்சிசாலை, பேரங்காடி, அத்தோடு பயணம் முடிந்துவிடுகிறது. துன் ரசாக் சாலைப் பக்கம் போகும்போது மலாய் வீட்டுக் கூரையை நினைவூட்டும் பெரிய கட்டிடம் ஒன்று தெரியுமே, அதற்குள் போயிருக்கிறீர்களா, வாசகர்களே? 'பாலாய் செனி நெகாரா' என்னும் தேசியக் கலைக்கூடம் அதுதான். 1958-இல் நான்கே படைப்புகளோடு தொடங்கியது. 1984-இல் பழைய மெஜஸ்டிக் ஹோட்டல் கட்டிடத்துக்கும், 1998-இல் இந்த இடத்துக்கும் மாறியது.

எங்கள் பள்ளிப் பிள்ளைகளோடு துணைக்கு வந்த தாத்தா ஒருவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுவிட்டார். "நீங்க பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போங்க வாத்தியாரையா. இது படிச்சவங்க பாக்குற எடம்" என்றார். நம்மில் பலருக்கும் இந்தக் கூச்சம் உண்டு. பால்மரத்திலும் செம்பனையிலும் நாம் சிந்திய வேர்வை இந்த நாட்டின் கருவூலத்தில் சேரவில்லையா? அப்படியிருக்க, நாட்டின் பொதுச் சொத்தைப் பார்க்க நமக்கு என்ன தயக்கம்?

நாங்கள் திரும்பி வந்தபோது அவர் வெளித்தோட்டத்தில் ஓர் இரும்புச் சிற்பத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். எண்ணெய் ஆலையில் இருபது வருஷம் ஃபிட்டராக இருந்தவர். "வெல்டிங் அடிச்ச கை நல்ல கை. ஒட்டுன எடமே தெரியல பாருங்க" என்றார். மழைத்தண்ணீர் தங்கும் மடிப்பில் மட்டும் துரு ஏறியிருப்பதைக் காட்டினார். பிள்ளைகள் என்னை விட்டுவிட்டு அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்! பிறகு அவர்களே கையைப் பிடித்து அவரை உள்ளே அழைத்துப் போனார்கள்.

சுவரில் மாட்டிய படத்துக்கு ஒரு முகம்தான். தோட்டத்துச் சிலைக்கோ நான்கு புறமும் முகம். வெயில் சாயச் சாய நிழலும் மாறும். ஆகவே ஒரே இடத்தில் நின்று, "இது என்ன?" என்று கேட்டுவிட்டு நகராதீர்கள். ஒரு சுற்று வாருங்கள். பிள்ளைக்கு என்ன தெரிகிறது என்று முதலில் அதனிடம் கேளுங்கள். யானை என்றால் யானைதான், திருத்த வேண்டாம். கையால் தொட மட்டும் விடாதீர்கள்.

பெயர்ப் பலகைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். தமிழில் இல்லையே என்ற குறை எனக்கு உண்டு. பிள்ளைகளே படித்துப் பெரியவர்களுக்குச் சொல்லட்டும். சென்னையில் ஓவியம் பயின்று இராமாயணக் காட்சிகளைத் தீட்டிய சையத் தாஜுதீன் நம் நாட்டு ஓவியர்தான் என்பதையும் சொல்லிவையுங்கள்.

திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். குடையும் எடுத்துப் போங்கள். போய் வந்த பிள்ளைகள், எந்தச் சிலையை எத்தனை முறை சுற்றினார்கள் என்று எனக்கு எழுதட்டும்.