மீண்டும் எழுதும் தேர்வு

நோயுற்றார்க்கு மருந்து இன்னதென வகுப்பவர் மருத்துவர். அதனை அளவும் காலமும் தவறாது ஊட்டி, இரவு பகல் உடனிருந்து காப்பவர் செவிலியர். அளவு சிறிது மாறினும் உயிருக்கு ஊறு நேரும். ஆதலின், தேர்வில் வென்று, செவிலியர் மன்றத்திற் பெயரைப் பதிந்தவரே அப்பணிக்கு உரியவர் ஆவர். இதற்கெனச் சென்னை மாகாணத்தில் 1926ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது.

பெண்கல்வி அரிதாயிருந்த காலத்திற் பயின்று, 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றவர் புதுக்கோட்டையிற் பிறந்த முத்துலட்சுமி அம்மையார். அம்மாவட்டத்தில் இன்று கடல் கடந்தும் செவிலியராக விழைவோர் உளர். அமெரிக்காவில் உரிமம் பெற விரும்புவோர், தாய்நாட்டிற் கற்றுத் தேறியிருப்பினும், ‘என்கிளெக்ஸ்’ என்னும் தேர்வில் வெல்லுதல் வேண்டும். தோற்றவர் குறைந்தது 45 நாள் கழித்தே மீண்டும் எழுதலாம். எப்பகுதியில் அவர் அறிவு குறைந்தது என்பதைக் காட்டும் அறிக்கையும் அளிக்கப்படும்.

இம்முறை சாலச் சிறந்தது என்பது என் கருத்து. ஒருமுறை தோற்றவரை அடியோடு விலக்கினால் நல்ல செவிலியர் பலரை உலகம் இழக்கும். இரக்கத்தால் தேர்வின் தரத்தைக் குறைத்தாலோ, அவ்விரக்கத்தால் துன்புறுவோர் நோயாளிகளே ஆவர். தோற்றவர்க்கு வாய்ப்பு உண்டு. தரத்திற்குத் தளர்வு இல்லை. இதுவே அறம்.

மாணவர்களே! தோல்விக்கு நாணியோர் அவ்வறிக்கையைப் பாராது ஒதுக்குவர். அறிவுடையோர் அதனையே பாடநூலாகக் கொள்வர். மருந்தியலில் தவறியவர் அந்நாட்களில் அதனை ஐயமறக் கற்பாராயின், பின்னாளில் அவர் கையால் மருந்துண்ணும் நோயாளிக்கு அத்தோல்வியும் நன்மை செய்ததாகும் அன்றோ!