உபாத்தியாயர் மகாநாடா? உபசார மகாநாடா?

பிள்ளைகளுக்கு அறிவு புகட்டும் தொழிலைச் செய்கின்ற உபாத்தியாயர்கள் அடிக்கடி ஒன்றுகூடி, தங்கள் தொழிலின் குற்றங்குறைகளைப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியது மிகவும் அவசியம் என்பதில் நமக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை. ஆனால் உபாத்தியாயர் மகாநாடு என்னும் பேரால் நடைபெற்று வருபவைகளில் பெரும்பான்மையானவை உண்மையிலேயே உபாத்தியாயர்களுக்காக நடத்தப்படுகின்றனவா என்றுதான் கேட்கின்றோம்.

சமீபத்தில் ஓர் ஊரில் கூடிய அப்படிப்பட்ட மகாநாடொன்றுக்கு நாமும் போயிருந்தோம். காலை 10 மணிக்கு ஆரம்பம் என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. திறந்து வைக்க வேண்டிய பெரிய மனிதர் வந்து சேர்ந்ததோ பகல் 12 மணிக்கு. அதுவரையில் உபாத்தியாயர்கள் பந்தலில் அழைப்பிதழையே விசிறியாக்கி வீசிக்கொண்டிருந்தார்கள். பிறகு மாலை, பொன்னாடை, நினைவுப் பரிசு, புகைப்படம். மேடையில் இருந்த நாற்காலிகளை எண்ணிப் பார்த்தோம், 17 இருந்தன. அவற்றில் உட்கார்ந்திருந்தவர்களில் நாள்தோறும் வகுப்பில் நின்று பாடம் சொல்லுகிறவர் ஒருவர்கூட இல்லை.

கிராமத்துத் தொடக்கப் பள்ளி அம்மையார் ஒருவர் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு வந்திருந்தார். 52இல் 27 போனால் 35 என்று பிள்ளைகள் ஏன் எழுதுகிறார்கள் என்பதே விஷயம். தம் வகுப்பு நோட்டுகளைப் பார்த்து அவர் கண்டது இது: அப்படி எழுதுகிற பிள்ளை மூடன் அல்ல. பெரிய எண்ணிலிருந்துதான் சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்று நாம் சொல்லிக்கொடுத்ததை நம்பி, 7இலிருந்து 2ஐயும், 5இலிருந்து 2ஐயும் கழித்துவிடுகிறது. ஆகவே தப்பு பிள்ளையினுடையது அல்ல, நாம் சொல்லிக்கொடுத்த விதத்தினுடையது. பந்தலில் இருந்த ஒவ்வொரு தொடக்கப் பள்ளி உபாத்தியாயருக்கும் மறுநாளே பயன்படக்கூடிய விஷயம் இது. அவரை மாலை 4½ மணிக்குக் கூப்பிட்டு, “அம்மா, நேரமில்லை, 3 நிமிஷத்தில் முடித்துக்கொள்ளுங்கள்” என்றார்கள். முதல் பக்கம் முடிவதற்குள் மணி அடித்துவிட்டார்கள். பின்னர் தீர்மானங்கள் ஒரே மூச்சில் வாசிக்கப்பட்டுக் கைதட்டலில் நிறைவேறின. என்ன நிறைவேறிற்று என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டோம், அவருக்கும் தெரியவில்லை.

இந்த மகாநாட்டுக்குப் பணம் கொடுத்தது யார்? பந்தலில் வெந்துகொண்டிருந்த உபாத்தியாயர்கள் அல்லவா? பணம் கொடுத்தவனுக்கு வெயிலில் சோற்றுப் பொட்டலம். பேச வந்தவனுக்குத் தனி அறையில் தலைவாழை இலை. மறுநாள் இதே உபாத்தியாயர்தான் வகுப்பில் நின்று, மனிதரில் உயர்வு தாழ்வு இல்லை என்று பாடம் சொல்ல வேண்டும்! அது மாத்திரமா? வகுப்பில் ஓர் உபாத்தியாயர் 2 மணி நேரம் தாமதமாய் வந்து, பிள்ளைகளை ஒரு கேள்வியும் கேட்கவிடாமல், நாள் முழுவதும் தாமே பேசிவிட்டுப் போவாரானால் அவர் வேலையில் இருக்க முடியுமா? வகுப்பில் குற்றமாவது மேடையில் எப்படி மரியாதையாகும்?

மற்ற நாடுகளைப் பார்ப்போம். ஜப்பானில் ஆசிரியர்கள் கூடினால், ஒருவர் உண்மையான பிள்ளைகளுக்கு உண்மையான பாடம் ஒன்றை நடத்துவார். மற்றவர்கள் சுற்றிலும் நின்று, பிள்ளைகள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று குறித்துக்கொள்வார்கள். பாடம் முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து அதைப் பற்றியே வாதிப்பார்கள். அழைக்கப்பட்ட அறிஞர் தமது கருத்தைக் கடைசியில்தான் சொல்லுவார். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் 2010இல் ஆசிரியர்களே ‘எட்கேம்ப்’ என்று ஒரு கூட்டம் ஆரம்பித்தார்கள். கட்டணம் இல்லை, தலைமைப் பிரசங்கி இல்லை. காலையில் ஒரு வெறும் பலகை வைக்கப்படும். எதைப் பற்றிப் பேசலாம் என்பதை வந்தவர்களே அதில் எழுதுவார்கள். ஒரு கூட்டம் பயன்படவில்லை என்றால் எழுந்து வேறு கூட்டத்துக்குப் போய்விடலாம்; அதை யாரும் அவமரியாதையாக நினைப்பதில்லை.

“மந்திரியையும் அதிகாரியையும் அழைக்காவிட்டால் நமது கோரிக்கைகள் எப்படி நிறைவேறும்?” என்று சிலர் கேட்கலாம். சம்பளம், ஓய்வூதியம், இடமாற்றம் இவைகளுக்காகப் போராடுவது நியாயமே. அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் கோரிக்கை கொண்டுபோக வேண்டுமானால் தூதுக்குழுவாகப் போங்கள். தனிக் கூட்டம் போட்டு நேராகக் கேளுங்கள். மாலை போட்டுவிட்டுக் கேட்பது கோரிக்கை ஆகுமா? அது யாசகம்! ஆசிரியர் சங்கங்கள் கல்வி வளர்ச்சிக்குப் பெருந்துணை புரியும் சக்திகள், ஆகையால் கல்விக் கொள்கையை வகுப்பதில் அவைகளுக்கும் பங்கு வேண்டும் என்று 1966இல் பாரிஸில் சர்வதேசப் பரிந்துரை ஒன்று ஏற்கப்பட்டது. அந்தப் பங்குக்கு உரியவர்கள் பொன்னாடைக்கடையில் காத்திருக்கலாமா? அன்றியும், நமது நாட்டின் 2009ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டம் உபாத்தியாயருக்கு வாரம் 45 மணி நேரம் வேலை என்று சொல்லி, பாடம் தயாரிக்கும் நேரத்தையும் அதிலேயே சேர்த்திருக்கிறது. தயாரிப்பும் வேலைதான் என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கும்போது, நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து தயாராகக்கூடிய ஒரு நாளைப் புகழ்மாலைக்குப் பலியிடுவது எந்த விதத்தில் நியாயம்?

ஆகவே இனி மகாநாடு கூட்டுகின்ற வரவேற்புக் கமிட்டியாருக்குச் சில விஷயங்கள் சொல்லுகிறோம். குறித்த மணிக்கு ஆரம்பியுங்கள். யார் வராவிட்டாலும் ஆரம்பியுங்கள். காலை நேரம் முழுவதையும் வகுப்பில் பாடம் சொல்லுகிறவர்களுக்கே கொடுங்கள். பேசுகிறவர் அரைமணி பேசினால், கேள்விக்கும் அரைமணி விடுங்கள். கைக்குழந்தையோடு வரும் உபாத்தியாயினிகளுக்கு ஒரு தொட்டில் அறையும், பெண்களுக்குத் தண்ணீர் வசதியுள்ள கக்கூசும், மேடைக்குப் பூச்சரம் வாங்குவதற்கு முன்னே ஏற்பாடு செய்யுங்கள். எல்லோருக்கும் ஒரே பந்தி போடுங்கள். தீர்மானங்களை ஒரு வாரம் முன்னதாகவே அச்சிட்டு அனுப்புங்கள். எதிர்ப்பவரையும் பேசவிட்டு ஓட்டெடுங்கள். கடைசி வண்டி போவதற்குள் கூட்டத்தை முடியுங்கள். வரவு செலவுக் கணக்கை ஒரு மாதத்துக்குள் வெளியிடுங்கள். இவைகளில் ஒன்றுக்காவது பெரிய மனிதர் தயவு வேண்டுமா?

தோழர்களே! மகாநாடு வெற்றியா தோல்வியா என்பதை மறுநாள் பத்திரிகையில் வரும் படத்தைக்கொண்டு அளக்காதீர்கள். திங்கட்கிழமை காலையில் 35 என்று எழுதிய பிள்ளைக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைக்கொண்டு அளந்து பாருங்கள். அந்தப் பிள்ளைக்கு உதவாத மகாநாட்டுக்கு இனிக் காலணாவும் சந்தா கொடுக்க மாட்டோம் என்று உபாத்தியாயர்கள் துணிந்து சொல்லும் நாள்தான் அவர்களுடைய முதல் மகாநாடு கூடிய நாளாகும் என்பது நமது அபிப்பிராயம்.