யார் வெட்டிய பாதை?

மனிதன் காலடி படாத காட்டை மோட்டார் வண்டியால் வென்றோம் என மார்தட்டும் கூட்டமொன்று உலகில் உண்டு. சிகரெட் வியாபாரத்தின் விளம்பரமாக 1980 முதல் 2000 வரை நடந்த ‘கமெல் ட்ரொபி’ அக்கூட்டத்தாரின் திருவிழா. 1993இல் போர்னியோத் தீவின் சாபாவில் அது நடந்தபோது, லாண்ட் ரோவர் வண்டிகள் சேற்றில் புதைந்தன, கம்பிவடத்தால் இழுபட்டன, ஆறுகளில் இறங்கி ஏறின. போட்டி ஓய்ந்து கால் நூற்றாண்டாகியும் படங்கள் ஓயவில்லை. என் மாணவர்கள் அவற்றைக் கைத்தொலைபேசியில் பார்த்து வாய்பிளக்கின்றனர்.

காலடி படாத காடாம்! அங்கே பாதை எங்ஙனம் வந்தது? மரக்கம்பனியின் புல்டோசர் வெட்டிய பாதையன்றோ அது! விலைபோகும் மரம் உள்ளவரை, ஆற்றின் குறுக்கே பெருமரங்களை அடுக்கிப் பாலமிட்டு லொறி ஓட்டுவார்கள். மரம் தீர்ந்ததும் கம்பனி போய்விடும். பாலம் உளுத்து வெள்ளத்தோடு போகும். அதன்பின் வருபவன் வண்டியோடு நீரில் இறங்கத்தான் வேண்டும். முதலாளி கைவிட்ட பாலத்துறைக்கு ‘இயற்கையின் அறைகூவல்’ என்று பெயர்!

அதே தீவின் சரவாக்கில், பாரம் ஆற்றுப் பிரதேசத்தில் பெனான் மக்கள் வாழ்கின்றனர். மலைச்சரிவுகளை வெட்டியதால் பெயர்ந்த மண் மழைதோறும் ஆறுகளில் கலந்தது. குடிக்கும் நீரும் கெட்டது, மீனும் அருகிற்று. 1987இல் அம்மக்கள் பெண்டு பிள்ளைகளோடு பாதைகளை மறித்து நின்றனர். அரசு என்ன செய்தது? மரப்பாதையை மறிப்பதே குற்றமென்று அவ்வாண்டே சட்டத்தைத் திருத்தியது. காட்டை அழிப்பவனுக்கு அனுமதிப்பத்திரம். காட்டில் பிறந்தவனுக்குச் சிறை.

ஆசிரியத் தொழில் செய்யும் என்னை வதைப்பது வேறொன்று. நடுப் பாரம் பகுதிப் பெனான் சிறுமியர் பாடசாலை சென்றுவர மரக்கம்பனி வண்டிகளையே நம்பியிருந்தனர். மரக்கம்பனி ஆட்களின் பாலியல் வன்முறைக்கு அவர்கள் ஆளானதை மலேசிய அரசு அமைத்த விசாரணைக் குழுவே உறுதிசெய்தது. 2009இல் அறிக்கை வெளியாயிற்று. சேறு ஒன்றுதான், ஆறும் ஒன்றுதான். ஆயினும் அச்சிறுமியரின் பயணத்தைச் சாகசம் என்று எவரும் படம்பிடிக்கவில்லை.

வண்டிச் சாகசங்களுக்குப் பக்கம் பக்கமாக இடமளிக்கும் பத்திரிகாசிரியர்களைக் கேட்கிறேன்: அப்பாதையை வெட்டியவன் யார், எதற்காக வெட்டினான் என்று படத்தின் கீழே ஒரு வரி போட்டால் குறைந்தா போவீர்கள்?