புளூ-ரே வந்தது, டிவிடி போயிற்றா?

புதிய கருவி ஒன்று வந்துவிட்டால் பழையது தானாகவே ஒழிந்துவிடும் என்று பலரும் எண்ணுகிறார்கள். 2006-ஆம் ஆண்டில் புளூ-ரே என்னும் ஒளித்தட்டு விற்பனைக்கு வந்தபோதும் இதே பேச்சுதான் எழுந்தது. டிவிடியின் காலம் முடிந்தது என்றார்கள். ஆண்டுகள் பல உருண்டோடிவிட்டன. இன்று புதுக்கோட்டையிலோ அறந்தாங்கியிலோ ஆலங்குடியிலோ உங்கள் உறவினர் வீட்டு அலமாரிகளைத் துழாவிப் பாருங்கள். திருமண விசிடி கிடைக்கும். காதணி விழா டிவிடி கிடைக்கும். புளூ-ரே தட்டு கிடைப்பது அரிது. திறமையில் பல மடங்கு உயர்ந்த தட்டு ஏன் தோற்றது? தட்டின் திறமையை மட்டும் அளந்தவர்கள், அதைப் பார்க்கும் கண்ணையும் திரையையும் அளக்க மறந்தார்கள் என்பது என் கருத்து.

முதலில் தட்டைப் பார்ப்போம். விசிடி, டிவிடி, புளூ-ரே மூன்றும் 12 செ.மீ. விட்டமும் 1.2 மி.மீ. தடிப்பும் உடையவை. பக்கத்தில் பக்கம் வைத்தால் இனம் காண்பது கடினம். வேறுபாடு, படிக்கும் ஒளியில் இருக்கிறது. எழுத்தாணியின் முனை எவ்வளவு கூர்மையோ, அவ்வளவு சிறிய எழுத்தை ஓலையில் நெருக்கி எழுதலாம் அல்லவா? ஒளித்தட்டில் லேசர் கதிரே எழுத்தாணி. அதன் அலைநீளம் குறையக் குறைய முனை கூர்மையாகும். விசிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிர். டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு. புளூ-ரேக்கு 405 நானோமீட்டர் நீல ஊதா. பெயரிலுள்ள ‘புளூ’ அதுதான்.

ஒரு சிறு கணக்குப் போடுங்கள். டிவிடியின் கொள்ளளவு 4.7 கிகாபைட். 650-ஐ 405-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் ஏறத்தாழ 2.6 வரும். வர்க்கம் ஏனென்றால், லேசர்ப் புள்ளி நீளத்திலும் சுருங்குகிறது, அகலத்திலும் சுருங்குகிறது. இது மட்டும் போதாது, லென்சும் மாறியது. ஒளியைக் குவிக்கும் திறனைக் குறிக்கும் எண் டிவிடி லென்சுக்கு 0.6, புளூ-ரே லென்சுக்கு 0.85. இந்த விகிதத்தின் வர்க்கம் ஏறத்தாழ 2. இரண்டையும் பெருக்கி, 4.7-ஆலும் பெருக்குங்கள். 24-ஐத் தாண்டும். புளூ-ரே தட்டின் ஓர் அடுக்கு கொள்வது 25 கிகாபைட்! தயாரிப்பாளரின் விளம்பரத்தை நம்ப வேண்டியதில்லை. உங்கள் நோட்டுப் புத்தகமே சொல்லிவிடுகிறது.

இந்த நீலக்கதிர் எளிதில் கிடைத்ததன்று. காலியம் நைட்ரைடு என்னும் பொருளிலிருந்து நீல ஒளியைப் பெற ஜப்பானில் பிறந்த அறிவியலறிஞர்கள் மூவர் நெடுங்காலம் உழைத்தனர். நீல ஒளி உமிழும் டையோடுக்காக அகசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபெல் பரிசு கிடைத்தது.

ஆக, ஆய்வகத்தில் புளூ-ரே வென்றுவிட்டது. இனி நம் ஊர்க் கூடத்திற்கு வருவோம். 2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. வீடுகளுக்கு வந்தவை 14 அங்குலப் பெட்டிகள். திரையின் உயரம் ஏறத்தாழ 21 செ.மீ. நாம் பயன்படுத்தும் டிவிடியின் படத்தில் 576 கிடைக்கோடுகள் உண்டு, விசிடியில் 288. அப்படியானால் அந்தத் திரையில் டிவிடிக் கோடு ஒன்றின் அகலம் 0.36 மி.மீ.; விசிடிக் கோட்டின் அகலம் 0.73 மி.மீ.

நல்ல பார்வையுடைய கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. அதாவது, ஒரு பொருளின் அகலத்தைப்போல் ஏறத்தாழ 3,440 மடங்கு தொலைவுக்கு அப்பால் போனால் அது தனியாகத் தெரியாது. 0.73-ஐ 3,440-ஆல் பெருக்கினால் 2.5 மீட்டர், ஏறத்தாழ எட்டு அடி. எட்டு அடிக்கு அப்பால் பாயில் உட்கார்ந்து படம் பார்ப்பவருக்கு விசிடியின் கோடுகளே ஒன்றாகக் கலந்துவிடும். பிறகு டிவிடியின் நுட்பம் எங்கே தெரியும்? புளூ-ரேயின் 1,080 கோடுகளையோ அந்தப் பெட்டியால் காட்டவே இயலாது.

பின்னர்த் தட்டைத் திரைகள் வந்தன என்பது உண்மையே. 32 அங்குலத் திரையின் உயரம் ஏறத்தாழ 40 செ.மீ. அதே கணக்கை மீண்டும் போடுங்கள். டிவிடிக் கோடுகள் 2.4 மீட்டரில் கலந்துவிடும். திரை வளர்ந்தது, ஆனால் எட்டு அடித் தொலைவில் டிவிடியே போதுமானதாகிவிட்டது!

அப்படியானால் விசிடியை டிவிடி மட்டும் எப்படிப் பெருமளவு விலக்கியது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. விசிடியின் குறை கோடுகளில் மட்டும் இல்லை. அதில் படத்தை மிகவும் அழுத்திச் சுருக்குவதால், சண்டைக் காட்சி வந்ததும் திரை கட்டம் கட்டமாகச் சிதறும். அதற்கு 14 அங்குலமே போதும், எல்லார் கண்ணுக்கும் தெரியும். தவிர, ஒரு விசிடியில் அடங்குவது ஏறத்தாழ 74 நிமிடம். நம் படங்களோ இரண்டரை மணி நேரம்! கதை சூடுபிடிக்கும் இடத்தில் எழுந்து தட்டை மாற்ற வேண்டும். டிவிடி இந்தத் தொல்லையை ஒழித்தது. 2007-இல் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியது. ஆறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் எழுந்திருக்க வேண்டாம் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? புளூ-ரே கேட்டதோ பல மடங்கு விலை. அதோடு புதிய ஓட்டும் கருவி, புதிய பெரிய திரை. தீர்த்துவைத்த தொல்லை என்று சொல்ல ஒன்றும் இல்லை.

புளூ-ரேயை நான் குறைத்துப் பேசவில்லை. பெரிய திரையின் அருகே அமர்ந்து பார்ப்போருக்கு அது இன்றும் விருந்து. தொஷிபாவின் எச்டி டிவிடி என்னும் போட்டித் தட்டை 2008-இல் அது களத்தை விட்டே துரத்தியது. ஆனால் அண்ணனை அதனால் துரத்த முடியவில்லை. இரண்டையும் ஓரங்கட்டியது தட்டே இல்லாத ஒன்று: கைப்பேசிக்கு இணையம் வழியே வரும் படம். தபாலில் டிவிடி அனுப்பியே வளர்ந்த அமெரிக்க நிறுவனமாகிய நெட்ஃபிளிக்ஸ் 2023 செப்டம்பரில் அந்தச் சேவையை நிறுத்திவிட்டது. பதிவு செய்வதற்கான புளூ-ரே தட்டுகளின் உற்பத்தியை 2025 பிப்ரவரியில் சோனியும் நிறுத்தியது.

கடையில் வாங்கிய சினிமாத் தட்டு போனால் போகட்டும். படம் வேறெங்காவது இருக்கும். உங்கள் அத்தையின் திருமணத் தட்டு அப்படியன்று. உலகில் அதற்கு ஒன்றிரண்டு பிரதிகளே உண்டு. அதிலும் ஓர் ஆபத்து. தொழிற்சாலையில் அச்சிட்ட தட்டில் தகவல் சிறு குழிகளாகப் பதிந்திருக்கும். வீடியோக்காரர் கணினியில் பதிந்து தந்த தட்டிலோ அது ஒரு கரிமச் சாயத்தில் இருக்கிறது. வெப்பமும் வெயிலும் பட்டால் அந்தச் சாயம் கெடும். நம் மாவட்டத்துச் சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுப் பரண் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதே திருமணத்தின் மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள்; பேனா மை நன்றாகத்தான் இருக்கும்!

தட்டு கெடாவிட்டாலும் ஓட்டும் கருவி மறைந்தால் பயனில்லை. இதற்குச் சான்று புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில், குடுமியான்மலைப் பாறையில் இருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 7-ஆம் நூற்றாண்டினது எனக் கருதப்படும் இசைக் கல்வெட்டு அது. பல்லவ கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாகச் சுரங்கள் செதுக்கப்பட்டுள்ளன. எழுத்துகளைப் படிக்க முடிகிறது. ஆனால் ஒரே சுரத்தை ர, ரி, ரு, ரெ என நான்கு விதமாக எழுதியது எதற்காக என்பதில் அறிஞர்கள் இன்னும் கருத்து வேறுபடுகிறார்கள். அதைப் பார்த்தவுடன் வாசித்துக் காட்டிய கைகள் மறைந்துவிட்டன. நாம் டிவிடி ஓட்டியைப் பழைய இரும்புக் கடைக்குப் போடும்போது செய்வதும் இதுவே.

இன்னும் காலம் இருக்கிறது. பல புதிய மடிக்கணினிகளில் தட்டு இயக்கி இல்லை. ஆனால் பழைய மேசைக் கணினிகளில் உண்டு. விசிடியைப் போட்டால் ‘எம்பெக்-ஏவி’ என்னும் உறைக்குள் ‘டாட்’ என முடியும் கோப்பு இருக்கும். டிவிடியில் ‘வீடியோ-டிஎஸ்’ உறைக்குள் ‘விஓபி’ கோப்புகள் இருக்கும். அவற்றை நகலெடுங்கள். 32 கிகாபைட் பென்டிரைவ் ஒன்றில் சுமார் நாற்பது விசிடிகள் அடங்கும். நிறைந்த டிவிடியானால் ஆறு. பென்டிரைவும் நிலையானதன்று, ஆகவே இன்னொரு நகலை வேறொரு வீட்டில் வையுங்கள். எடுத்த நகலை முழுதும் ஓட்டிப் பாருங்கள். அப்போது அப்பத்தாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பந்தியில் தெரியும் முகங்கள் யார் யாருடையவை என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்தத் தகவல் எந்தத் தட்டிலும் பதிவாகவில்லை.