பிள்ளைகளின் மாலை நேரம்

ஏப்ரல் மாதம் முடிந்து பள்ளிக்கூடங்கள் சாத்தப்படும் தருணத்தில், பட்டணத்துத் தனியார் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் பலர் அச்சிட்ட தாள் ஒன்றைக் கையிலேந்தி வீடு திரும்புகின்றனர். விடுமுறையில் செய்து முடிக்கவேண்டிய வேலைகளின் ஜாபிதா அது. பாடத்துக்கு ஒரு புராஜெக்ட், இத்தனை பக்கம் கையெழுத்துப் பயிற்சி, படம் ஒட்டிய சார்ட், தெர்மோகோலில் வெட்டிய கோட்டையோ எரிமலையோ ஒன்று. போதாதென்று, இன்னின்ன புஸ்தகங்களை வாசித்துச் சுருக்கம் எழுதி வரவேண்டுமென்ற கட்டளை. ஜூன் பிறப்பதற்கு நான்கு நாள் முன்பு தாய் கத்தரிக்கோலும் கையுமாக உட்காருகிறாள். தகப்பனார் காகிதக் கடைக்கு ஓடுகிறார். கடைக்காரரோ தேசத் தலைவர்களையும் மிருகங்களையும் பூக்களையும் தனித்தனித் தாளில் அச்சிட்டுத் தயாராக வைத்திருக்கிறார். இந்த வியாபாரத்தில் கல்வி கற்றவர் எவரேனும் உண்டென்றால் அது கடைக்காரராகவே இருக்கவேண்டும்.

இது சிரித்துவிட்டுப் போகத்தக்க சில்லறை விஷயமென்று நேயர்கள் சிலர் எண்ணக்கூடும். நாம் அவ்வாறு எண்ணவில்லை. பள்ளிக்கூடம் தன் கடமையை எந்த இடத்தில் முடித்துக்கொள்கிறது, குடும்பத்தின் தலையில் எதை ஏற்றிவிடுகிறது என்ற கேள்வி இதில் அடங்கியிருக்கிறது. சர்க்கார் பள்ளிக்கும் தனியார் பள்ளிக்கும், படித்த வீட்டுக்கும் படியாத வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் இந்தக் கேள்விக்குள் வந்து சேருகிறது.

பொதுவாழ்வில் இக்கேள்வி எழுந்தது இன்றோ நேற்றோ அன்று. 1989-ம் வருஷத்தில், ராஜ்ய சபையின் நியமன அங்கத்தினராயிருந்த நாவலாசிரியர் ஸ்ரீ ஆர். கே. நாராயண், புஸ்தக மூட்டையின் கீழ்க் கூனிப்போகும் சிறு பிள்ளைகளுக்காகப் பரிந்து பேசினார். பெரிய ராஜதந்திர விவாதங்கள் நடக்கும் சபையில் மாத்திரமே பேசத்தக்க பொருளா இது என்று அன்று சிலர் வியந்திருக்கலாம். ஆனால் அதன் பயனாக எழுந்த கவலையே, பிற்பாடு விஞ்ஞானி ஸ்ரீ யஷ்பால் அவர்களின் தலைமையில் ஒரு கமிட்டி ஏற்படுவதற்கு வழி செய்தது. 1993-ல் அக்கமிட்டி அளித்த அறிக்கை சிறியது. ஆயினும் அதில் கண்ட விஷயம் பெரிது. முதுகிலுள்ள மூட்டையின் பாரத்தைவிட, விளங்காததை மனத்தில் சுமப்பதன் பாரமே அதிகக் கொடுமையானதென்று அது கண்டது. ஆரம்ப வகுப்புகளில் வீட்டுப்பாடம் கூடாதென்றும், வீட்டையும் சுற்றுப்புறத்தையும் கவனித்து அறியும் வேலை மட்டும் தரலாமென்றும் அது சொல்லிற்று. மேல் வகுப்புகளிலுங்கூட, பாடபுஸ்தகத்தைப் பார்த்துக் காப்பி எழுதும் வேலையை அது ஏற்கவில்லை.

அதற்குப் பிறகு சட்டங்களுக்கும் சுற்றறிக்கைகளுக்கும் குறைவில்லை. 2009-ம் வருஷத்துக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பயமும் மனக் கலக்கமுமின்றிப் பிள்ளை கற்கவேண்டுமென விதிக்கிறது; உபாத்தியாயர்கள் தனி டியூஷன் நடத்தலாகாதென்றும் சொல்லுகிறது. நமது மாகாணத்தில் 2012-13-ல் கொண்டுவரப்பட்ட முப்பருவ முறை, புஸ்தகங்களை மூன்றாகப் பிரித்துப் பையின் பாரத்தைக் குறைத்தது; அதை நாம் பாராட்டவே வேண்டும். 2018 மே மாதம் சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதி ஸ்ரீ கிருபாகரன், ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கலாகாதென்று உத்தரவு பிறப்பித்தார். அவ்வருஷம் நவம்பரில் மத்திய சர்க்கார் இதையே எல்லா மாகாணங்களுக்கும் தாக்கீது செய்ததோடு, அவ்விரு வகுப்புகளின் பை ஒன்றரைக் கிலோவைத் தாண்டலாகாதென்றும் கூறிற்று. 2020-ல் வெளியிடப்பட்ட பள்ளிப்பைக் கொள்கையில் கணக்கு இன்னும் தெளிவாக இருக்கிறது: இரண்டாம் வகுப்பு வரையில் வீட்டுப்பாடமே இல்லை; மூன்று முதல் ஐந்து வரையில் வாரத்துக்கு 2 மணி; ஆறு முதல் எட்டு வரையில் நாளுக்கு 1 மணி; அதற்கு மேல் நாளுக்கு 2 மணி.

நேயர்கள் தத்தம் வீட்டில் இந்தக் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளலாம். இரண்டாம் வகுப்புக் குழந்தையின் டைரியைத் திறந்தாலே போதும்.

கொள்கை ஏட்டிலும் நடப்பு வேறிடத்திலும் இருப்பதற்குக் காரணம் உண்டு. மீறினால் என்ன நேரும் என்று சொல்லாத விதி, விதியாகாது, அது வேண்டுகோள். கோர்ட்டுகளில் பழகியவர்களுக்கு இது புதிதன்று. வாரத்துக்கு 2 மணி என்று எழுதிவிட்டால், அந்த இரண்டு மணியை அளப்பவர் யார்? ஆறு உபாத்தியாயர்கள் தனித்தனியே அரை மணி வேலை தருகிறார்கள். ஒருவர் கொடுத்ததை மற்றவர் அறியார். பிள்ளைக்கு அது மூன்று மணியாகிறது. ஒவ்வொருவரையும் கேட்டால் தாம் அரை மணிதான் கொடுத்ததாகச் சத்தியமாகச் சொல்லுவார். அது உண்மையும் கூட.

பள்ளி நிர்வாகிகளின் பதில் நமக்குத் தெரியும். பெற்றோர்களே கேட்கிறார்கள், கொடுக்காவிட்டால் பிள்ளையை வேறு பள்ளியில் சேர்த்துவிடுகிறார்கள் என்பார்கள். இதில் பொய்யில்லை. எவ்வளவு எழுத வைக்கிறதோ அவ்வளவு நல்ல பள்ளி என்று மதிப்பிடும் பெற்றோர் நம்மிடையே ஏராளம். கட்டிய சம்பளத்துக்குச் சரக்கு எடை பார்த்து வாங்கும் மனோபாவம் இது. ஆனால் பெற்றோர் கேட்டார் என்பதற்காக வைத்தியர் மருந்தின் அளவை இரட்டிப்பதுண்டா? கல்வி முறையை அறிந்தவர் என்ற உரிமையில்தான் பள்ளிக்கூடம் அங்கீகாரம் பெற்றிருக்கிறது. அந்த அறிவைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லத் தைரியமில்லாத பள்ளி, அங்கீகாரத்தை எதற்காக வைத்திருக்கிறது?

உபாத்தியாயரின் பக்கத்தையும் கவனிக்கவேண்டும். வகுப்பில் 40 பிள்ளைகள் வீதம் ஐந்து வகுப்புகளுக்குப் பாடஞ்சொல்லும் ஒருவர், நோட்டு ஒன்றுக்கு இரண்டே நிமிஷம் செலவிட்டாலும் 400 நிமிஷம் ஆகிறது. அதாவது 6 மணி 40 நிமிஷம். எந்த மனிதனால் இது தினந்தோறும் இயலும்? ஆகவே சிவப்பு மையில் ஒரு சுழிப்பும் தேதியுமாக விஷயம் முடிகிறது. பிழை திருத்தப்படாத வீட்டுப்பாடம், பிழையை மனப்பாடம் செய்யும் பயிற்சியன்றி வேறென்ன? எழுதாமல் வந்த பிள்ளைக்கோ, அதே விடையைப் பத்துத் தரம் எழுதும் இம்போசிஷன். எழுதுவதைத் தண்டனையாகக் கொடுத்துவிட்டு, நமது இளைஞர்களுக்கு எழுத்தில் பற்றில்லையென்று பிற்பாடு பட்டதாரிகளின் கூட்டங்களில் வருந்திப் பேசுவது விசித்திரம்.

இவை யாவும் ஒருபுறமிருக்க, நமது மனத்தை மிகவும் உறுத்தும் விஷயம் ஒன்றுண்டு. வீட்டுப்பாடம் என்ற சொல்லே, வீடு என்று ஒன்று இருப்பதாகவும், அதில் விளக்கு, மேஜை, அமைதி, கேட்டால் சொல்லித்தரும் ஒருவர் ஆகியவை உள்ளதாகவும் பாவித்துக்கொள்ளுகிறது. குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த பிள்ளைக்கு இந்த நாலில் எத்தனை உண்டு? செங்கற்சூளையில் வேலை செய்யும் தாயிடம் பின்னக் கணக்கைக் கேட்கவியலாது. ஒற்றை அறையில் ஐந்து பேர் உறங்கும் வீட்டில் இரவு ஒன்பது மணிக்குக் கட்டுரை எழுதவியலாது. மறுநாள் காலையில் எழுதாத நோட்டுடன் வகுப்பில் எழுந்து நிற்பது அந்தப் பிள்ளையே. அது சோம்பேறி என்ற பெயரைப் பெறுகிறது. தண்டிக்கப்படுவது அதன் சோம்பலா, அதன் தாய்க்கு நாம் கல்வியளிக்கத் தவறியதா?

பள்ளி நேரத்துக்கு வெளியே பிள்ளையை வீட்டின் வசத்தில் விடுவது சமத்துவத்தைப் பாதிக்கும் விஷயம் என்பதைத் தமிழ்நாடு ஒருமுறை உரக்கச் சொல்லியிருக்கிறது. 1953-ல் ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியாரின் மந்திரிசபை, கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் நாளுக்கு 3 மணி மட்டும் வகுப்பென்றும், மீதிப் பொழுதில் பிள்ளைகள் குடும்பத் தொழிலைப் பழகலாமென்றும் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. குலக்கல்வி என்ற பெயரில் அது எதிர்க்கப்பட்டதையும், 1954-ல் ராஜாஜி பதவி விலகியபின் ஸ்ரீ காமராஜ் அதைக் கைவிட்டதையும் நேயர்கள் அறிவார்கள். அத்திட்டத்தின் நோக்கம்பற்றி எவர் எவ்வித அபிப்பிராயம் கொண்டாலும், அன்று ஜனங்கள் கண்ட உண்மை ஒன்று: பள்ளி கைவிட்ட நேரத்தைக் குடும்பத்தின் நிலைமை கைப்பற்றிக்கொள்ளும். இன்று நாம் வேறு வழியாக அதே இடத்துக்கு வந்திருக்கிறோம். பள்ளியில் கற்பிக்கவேண்டியதை வீட்டுக்கு அனுப்பினால், படித்த வீடு அதைச் செய்து முடிக்கும். படியாத வீடு பின்தங்கும். பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்தி ஸ்தாபனத்தின் 2012-ம் வருஷத்துப் பரீக்ஷைக் கணக்குகளும் இதையே காட்டுகின்றன. அதன் அங்கத்தின தேசங்களில் 15 வயதுப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டால், வசதியுள்ளவர்கள் வசதியற்றவர்களைவிட வாரத்துக்குச் சராசரி 1.6 மணி அதிகமாக வீட்டுப்பாடம் செய்தார்கள்.

பயிற்சியே வேண்டாமென்பதா உமது வாதம் என்று கேட்பாருளர். இல்லை. பாட்டுக்குச் சாதகம் போலவே கணக்குக்கும் மொழிக்கும் பயிற்சி வேண்டும். அமெரிக்காவில் டியூக் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹாரிஸ் கூப்பர் என்பவர், 1987 முதல் 2003 வரையில் நடந்த ஆராய்ச்சிகளைத் திரட்டி 2006-ல் வெளியிட்ட கட்டுரையில், வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள சம்பந்தம் மேல் வகுப்புகளில் தெளிவாகவும், கீழ் வகுப்புகளில் மிகவும் மெலிந்தும் இருப்பதைக் காட்டினார். பதினாறு வயது மாணாக்கன் நாளுக்கு ஒன்றரை மணி தானாக உட்கார்ந்து படிப்பதை நாம் வரவேற்கிறோம். ஏழு வயதுக் குழந்தையைப் பற்றியதே வழக்கு. 2012 பரீக்ஷையில் முதலிடம் பெற்ற ஷாங்காயில் பிள்ளைகள் வாரத்துக்கு ஏறக்குறைய 14 மணி வீட்டுப்பாடம் செய்தனர். ஆனால் பின்லாந்திலும் கொரியாவிலும் 3 மணிக்குக் குறைவு, தேர்ச்சியிலோ அவை தாழ்ந்துவிடவில்லை. (கொரியாவை மட்டும் உதாரணமாகக் கொள்ளச் சற்று யோசிக்கவேண்டும், அங்கே பள்ளி விட்ட வேலையைத் தனிப்பயிற்சிக் கூடங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன.) ஷாங்காயைக் கொண்ட சீன தேசமே 2021 ஜூலையில், முதலிரு வகுப்புகளுக்கு எழுத்து வேலையை அடியோடு நிறுத்தியது, ஆரம்பப் பள்ளியின் மற்ற வகுப்புகளுக்கு நாளுக்கு 60 நிமிஷமென்று வரையறுத்தது.

நமது தேசத்தில் இந்த நோயின் வேர் பரீக்ஷையில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் பாடத்தையும், பதினொன்றிலேயே பன்னிரண்டையும் தொடங்கிவிடும் பள்ளிகளின் தந்திரத்தை அடக்குவதற்காகத்தான் 2017-18-ல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுப் பரீக்ஷை வைக்கப்பட்டது. தந்திரத்துக்கு மருந்தாக வந்தது பிள்ளைகளுக்கு இன்னொரு பாரமாயிற்று. 2025-ல் மாநிலக் கல்விக் கொள்கை அதை நீக்கியது சரியே. 16 வயதுக்குட்பட்டவர்களைப் பயிற்சி நிலையங்களில் சேர்க்கலாகாதென்று 2024 ஜனவரியில் மத்திய சர்க்கார் வெளியிட்ட நெறிமுறையும் நல்லதே. அதை அமல் நடத்துவார் வேண்டும்.

கோடை வாசிப்பைப்பற்றி ஒரு வார்த்தை. வீட்டுப்பாடத்தை எதிர்க்கும் சிலர், விடுமுறையில் புஸ்தகம் படிக்கச் சொல்வதையும் சேர்த்து எதிர்க்கின்றனர். அவர்களோடு நாம் உடன்படவில்லை. ஆறு வாரம் ஒரு வரியும் வாசியாத பிள்ளை, முன்பு வாசித்ததையும் மறக்கும். ஆனால் குறித்த புஸ்தகம், குறித்த சுருக்கம், குறித்த மதிப்பெண் என்று விதித்துவிட்டால் வாசிப்பு இன்னொரு கணக்கு நோட்டாகிவிடுகிறது. பிள்ளை தானே பீரோவைத் திறந்து, தானே எடுத்து, பிடிக்காவிட்டால் பாதியில் மூடி வேறொன்றை எடுக்கவேண்டும். சுதந்திர இந்தியாவில் பொது நூலகங்களுக்கென்று முதன்முதலில் சட்டம் செய்தது சென்னை மாகாணமே. 1948-ல் அது நிறைவேறிற்று. ஸ்ரீ ரங்கநாதன் போன்றவர்களின் உழைப்பு அது. சொத்து வரியோடு நூலக வரியும் கொடுத்துவருகிறோம். அப்படியிருந்தும் பல பள்ளிகளில் புஸ்தக பீரோவின் சாவி தலைமையாசிரியரின் மேஜையிலேயே துருப்பிடிக்கிறது. காரணம் எளிது. ஒரு புஸ்தகம் தொலைந்தால் ஆடிட்டில் பதில் சொல்லவேண்டியவர் உபாத்தியாயர். அவர் ஏன் சாவியைக் கொடுப்பார்? பிள்ளைகள் வாசித்துக் கிழித்த புஸ்தகத்தையும், வாசிக்க எடுத்துப்போய்த் தொலைத்த புஸ்தகத்தையும், ஒரு வரம்புக்குள், கணக்கிலிருந்து தள்ளிவிடலாமென்று கல்வி இலாகா ஒரே ஓர் உத்தரவு போட்டால், பத்து வாசிப்பு விழாக்கள் செய்யாததை அது செய்துவிடும்.

மந்திரியவர்கள் இவ்விஷயத்தில் செய்யவேண்டியது அதிகமில்லை. 2020-ம் வருஷத்துக் கொள்கையிலுள்ள மணிக்கணக்கை, சர்க்கார் பள்ளி, தனியார் பள்ளி என்ற பேதமின்றி, அங்கீகாரத்தின் நிபந்தனையாக்கி உத்தரவிடவேண்டும். ஒவ்வொரு வகுப்பிலும் அன்றன்று கொடுத்த வேலை அனைத்தையும் ஒரே பலகையில் எழுதிவைக்கச் செய்தால், ஆறு உபாத்தியாயர்களும் ஒருவர் கொடுத்ததை மற்றவர் காண்பர். பள்ளியைப் பார்வையிட வரும் அதிகாரியும் காண்பார். ஐந்தாம் வகுப்பு வரையில் கோடை ஜாபிதா அறவே கூடாது. கட்டாயக் கல்விச் சட்டம் ஆரம்ப வகுப்புகளுக்கு வருஷத்தில் 200 நாளும் 800 மணியும் ஒதுக்கியிருக்கிறது. அந்த 800 மணியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசிக்கவும் கூட்டிக் கழிக்கவும் கற்பிக்க இயலவில்லையென்று எந்தப் பள்ளியாவது சொல்லுமாயின், அதை எழுத்து மூலமாகச் சொல்லட்டும்; அதன்பேரில் என்ன செய்யவேண்டுமென்பதை இலாகா யோசிக்கலாம்.