விடுபட்ட டொலர்களுக்குக் கணக்குக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

இலங்கையின் சென்மதி நிலுவையில் ‘வழுக்களும் விடுபாடுகளும்’ என்றொரு வரி உண்டு. விளக்கம் கிடைக்காத டொலர்கள் அங்கேதான் ஒதுங்குகின்றன. வங்கிக்கு வெளியே கைமாறும் உண்டியல் காசும் அதற்குள் இருக்கலாம். ஏற்றுமதி விலையைக் குறைத்தெழுதி வெளிநாட்டில் பதுக்கியதும் இருக்கலாம். 2021இல் டொலரை 203 ரூபாயில் கட்டிவைத்து, வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் எங்கள் பிள்ளைகளை உண்டியலுக்குத் தள்ளியதே அரசுதான். மறுவருடம் டொலர் தட்டுப்பாட்டால் மண்ணெண்ணெய் இல்லாமல் சுன்னாகத்துத் தோட்டங்களில் இறைப்பு நின்றது. குருநகர் வள்ளங்கள் கரையில் கிடந்தன.

கோட்டாபய, மஹிந்த, பசில் ராஜபக்ஷ உள்ளிட்டோரே பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பென உயர் நீதிமன்றம் 2023 நவம்பர் 14இல் தீர்ப்பளித்தது. பணம் போன வழி மட்டும் இன்னும் தெரியவில்லை. சுங்கத்தின் ஏற்றுமதிப் பதிவுகளையும் வங்கிகளுக்கு வந்த டொலர்களையும் கம்பனி வாரியாக ஒப்பிட்டு மத்திய வங்கி பகிரங்கப்படுத்த வேண்டும். வடக்கின் பாராளுமன்ற உறுப்பினர்கள் இதைச் சபையில் கேட்பார்களா?

வாசகர்,
சுன்னாகம்.